பவானி வடிநிலம்: ஸ்வாட் மாடலில் இரண்டு முறைக்கு இரண்டு விடை

பவானி வடிநிலத்தில் 2041–2070 காலத்துக்கு, மண்ணும் பயிரும் சேர்ந்து எவ்வளவு நீரை ஆவியாக்கும் என்று ஸ்வாட் என்ற நீரியல் கணினி மாடலில் கணக்கிடுகிறேன். காலநிலைக் காட்சி எஸ்எஸ்பி 5-8.5, அதாவது பசுங்குடில் வாயுக்கள் மிக அதிகமாக வெளியேறும் எதிர்காலம். முக்கியமாக வெப்பநிலையை வைத்துக் கணக்கிடும் ஹார்க்ரீவ்ஸ் முறையில் அளவு கிடுகிடுவென ஏறுகிறது. அதே வெப்பநிலையோடு, காற்று, ஈரப்பதம், கதிர்வீச்சையும் சேர்க்கும் பென்மன்-மான்டீத் முறைக்கு மாறினால் அதில் பாதி ஏற்றம்கூட இல்லை.

அந்தத் தரவுகள் எல்லாம் சரிபார்த்தாயிற்று. கார்பன் டை ஆக்சைடை மாடலில் இருக்கும் 330 பிபிஎம்மிலிருந்து உயர்த்தினால், இலைத்துளைகள் சுருங்குவதாகக் கொண்டு ஆவியாகும் அளவை இன்னும் குறைக்கிறது. நீலகிரிக் காட்டுப் பகுதி மோடிஸ் செயற்கைக்கோள் தரவோடு ஓரளவு ஒத்துப்போகிறது. கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில்தான் உதைக்கிறது. அங்கே மோடிஸையே நான் முழுசாக நம்பவில்லை, அது வேறு கதை.

கார்பன் டை ஆக்சைடால் இலைப்பரப்பு கூடுவதைச் சேர்க்காமல், அதன் அளவை மட்டும் உயர்த்தி மாடலை ஓட்டலாமா?