ஹெட்செட்டில் 15 அடி, தரையில் 20 அடி

மூலைமட்டம்:

கோவைப் பக்கம் வீடு கட்டிக் கொடுக்கிறேன். கடைக்கால் தோண்டும் முன்பே வீட்டை வி.ஆர். (மெய்நிகர்) ஹெட்செட்டில், அதாவது கண்ணை மறைத்துத் தலையில் மாட்டும் திரையில், காட்டிவிடுவது என் வழக்கம். பிளான் தாளைப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் ஒரு வீட்டில், ஹெட்செட்டில் பார்த்ததை நம்பி ஒரு சுவரையே இடம் மாற்றிவிட்டேன். அது இன்னும் மனதை உறுத்துகிறது.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருடைய வீடு. ஹால் 20 அடிக்கு 14 அடி. நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஹெட்செட்டை மாட்டிச் சுற்றிப் பார்த்தவர், "தம்பி, ஹால் இவ்வளவுதானா? எதிர்ச் சுவர் கிட்டக்க வந்து நிக்குதே" என்றார். கையை நீட்டிக் காற்றைத் தடவினார். அவருடைய வீட்டம்மாவும் மாட்டிப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னதால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. பக்கத்துப் படுக்கையறையிலிருந்து 3 அடியை எடுத்து ஹாலுக்குக் கொடுத்தோம்.

பூச்சு முடிந்த அன்று ஹால் நடுவில் நின்றவர் ஒன்றும் பேசவில்லை. நேராகப் படுக்கையறைக்குப் போய் டேப் போட்டு அளந்தார். கட்டிலைப் போட்டால் பீரோ கதவு முழுசாகத் திறக்காது. என்னைக் குறை சொல்லி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். இப்படித் தூரம் சுருங்கித் தெரிவது 1990களிலிருந்தே ஆய்வாளர்களுக்குத் தெரிந்த விஷயம். 2013இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, மெய்நிகர் சூழலில் மக்கள் மதிப்பிடும் தூரம் சராசரியாக உள்ளபடியான தூரத்தில் 74 சதவீதம்தான். அந்தக் கணக்கில் அவருடைய 20 அடி, 15 அடிக்கும் கொஞ்சம் குறைவாகத் தெரிந்திருக்கும். புதிய ஹெட்செட்டுகளில் இந்தக் குறை குறைந்திருக்கிறது, ஆனால் போய்விடவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

வடதிசை:

ஜெர்மனியில் படித்தபோது இதே சோதனைக்கு ஆளாகப் போயிருக்கிறேன். முதலில் ஹெட்செட் இல்லாமல், ஒரு நீளமான நடைவழியில். தரையில் ஒரு பச்சை வட்டு. நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து, வட்டு இருக்குமிடம் வந்துவிட்டது என்று தோன்றும்போது நிற்க வேண்டும். கட்டை அவிழ்த்தால் வட்டு என் கால் விரலுக்கு முன்னால் இருந்தது. வெளி உலகில் ஏறக்குறைய 20 மீட்டர் வரைக்கும் எல்லோரும் இப்படித் துல்லியமாக நடந்துவிடுகிறார்களாம்.

ஹெட்செட்டுக்குள் அதே வேலை. நான் உறுதியாக நின்ற இடத்துக்கும் வட்டுக்கும் நடுவில் இரண்டு எட்டுக்கு மேல் இடைவெளி. ஆறேழு தடவையும் குறைவாகவே நடந்தேன், ஒரு தடவைகூட வட்டைத் தாண்டவில்லை.

படம் இன்னும் தெளிவாக இருந்தால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். 2004இல் வெறும் கோட்டுப் படத்தையும் ஒளிப்படம் போன்ற காட்சியையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது பெரிய வித்தியாசம் இல்லை என்றார்கள். தலையில் இருக்கும் கனமும், பக்கவாட்டில் பார்வை அடைபடுவதும் ஒரு பங்கு. நமக்கு இயல்பாக ஏறக்குறைய 200 டிகிரி தெரியும், குவெஸ்ட் 3 என்ற ஹெட்செட்டில் 110தான். இன்னொன்று, ஹெட்செட்டுக்குள் பக்கத்துச் சுவரைப் பார்த்தாலும் தூரத்து மலையைப் பார்த்தாலும் கண்ணின் வில்லை ஒரே தூரத்துக்குத்தான் குவிய வேண்டியிருக்கிறது. ஆனாலும் இவ்வளவுதான் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை.

கடைசியில் கண்ணைத் திறந்தபடி ஹெட்செட்டோடு கொஞ்ச நேரம் நடக்கவிட்டார்கள். அப்புறம் மறுபடி சோதித்தபோது வட்டுக்கு மிகவும் பக்கத்தில் போய் நின்றேன். மூலைமட்டம் அண்ணா, ஆசிரியரை நீங்கள் உட்காரவைத்துக் காட்டியதுதான் எனக்கு உறுத்துகிறது.

நூல்கண்டு:

ஹெட்செட்டின் இரண்டு லென்ஸுக்கும் நடுவிலுள்ள இடைவெளி, மாட்டுபவரின் கண்களின் இடைவெளியோடு பொருந்துகிறதா என்றும் கவனியுங்கள். குவெஸ்ட் 2இல் 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்று நிலைகள் உண்டு. எனக்கு 68. அதை மாற்றாமல் அம்மாவுக்கு மாட்டிவிட்டேன். அவருக்கு 58தான் பொருந்தும். "எல்லாம் கொலு பொம்மை மாதிரி இருக்குடா" என்றார். லென்ஸை நெருக்கி வைத்த பிறகுதான் படியிறங்கிப் பார்க்கவே சம்மதித்தார்.

மூலைமட்டம்:

வடதிசை தம்பி சொல்வது சரி. இப்போது யாரையும் உட்காரவைத்துக் காட்டுவதில்லை. முதலில் லென்ஸைச் சரிபார்க்கிறேன். பிறகு என் அலுவலக அறையையே அளவு மாறாமல் வரைந்து வைத்திருக்கும் நகலுக்குள் அவர்களை நடக்கவிடுகிறேன். கண்ணில் பார்த்த அறையும் ஹெட்செட்டில் தெரியும் அறையும் ஒன்றே என்றால் தூரம் அவ்வளவாகச் சுருங்குவதில்லை என்று 2006இலேயே காட்டியிருக்கிறார்கள். அங்கே பழகிய பிறகுதான் அவர்கள் வீட்டுக்குள் போகிறோம்.

அதற்குப் பிறகும் காலி மனையில் கயிறு கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டாமல் எந்த அளவையும் மாற்றுவதில்லை. போன மாதம் ஒரு அம்மா ஹெட்செட்டில் சமையலறை சின்னது என்றார். கோட்டுக்குள் நிற்கவைத்தேன். அடுப்பு வரும் இடத்திலிருந்து தொட்டி வரும் இடத்துக்கு நான்கு தடவை நடந்து பார்த்துவிட்டு, "இது போதும் தம்பி, கோட்டை அழிச்சிராதீங்க" என்றார்.