அப்பாவின்ர ரிப்போட்டில "இபெர்பிளாசியா" எண்டு இருக்கு, கான்சரோ?

பலெர்மோ மகன்:
வணக்கம். அப்பாவுக்கு 68 வயது. இரவில அடிக்கடி சலம் போக எழும்புறார், போனாலும் சொட்டுச் சொட்டாத்தான் வருது. ஸ்கான் ரிப்போட்டில "இபெர்பிளாசியா புரொஸ்தாத்திக்கா பெனிஞ்ஞா", 48 மில்லிலீற்றர் எண்டு போட்டிருக்கு. ஆனா மெதிகோ தி பாசே (குடும்ப வைத்தியர்) தந்த துண்டில "இபெர்த்ரோஃபியா" எண்டு கிடக்கு. இரண்டும் வேற வேற வருத்தமோ? கலங்கள் பெருகினால் கான்சர்தானே எண்டு அம்மா சாப்பிடாமல் இருக்கிறா. தெரிஞ்சவை சொல்லுங்கோ.

நேர்ஸ் அக்கா:
தம்பி, முதல்ல அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கோ. பெனிஞ்ஞா எண்டால் தீங்கில்லாதது. இது கான்சர் இல்லை, கான்சரா மாறுறதும் இல்லை. இரண்டு தாளும் சொல்லுறது ஒரே வருத்தத்தைத்தான். கலங்களின்ர எண்ணிக்கை கூடினால் இபெர்பிளாசியா, ஒவ்வொரு கலமும் பருத்தால் இபெர்த்ரோஃபியா. புரொஸ்தத்தாவில, அதாவது ஆம்பிளையளின்ர சலப்பைக்குக் கீழ இருக்கிற சுரப்பியில, நடக்கிறது முதலாவது. ஆனாலும் பழைய பழக்கத்தில இரண்டாவதையும் எழுதுவினம்.

இளம் வயதில அந்தச் சுரப்பி 20 மில்லிலீற்றர் அளவுதான் இருக்கும். வயது போகப் போக, சலக்குழாயைச் சுத்தியிருக்கிற உள்பகுதி வளர்ந்து குழாயை நெரிக்கும். கான்சர் பெரும்பாலும் வெளிப்பகுதியில வரும், இரண்டும் ஒருத்தருக்கே இருக்கவும் கூடும். அதால பிஎஸ்ஏ (புரொஸ்தத்தா சுரக்கிற ஒரு புரதம்) இரத்தச் சோதனை பற்றி உரோலோகோவிட்ட (சலவழி வைத்தியர்) கட்டாயம் கேளுங்கோ. வெறும் வீக்கத்தாலயும் பிஎஸ்ஏ கூடும், அதைப் பார்த்து உடனே பயப்பட வேண்டாம்.

என்ன மருந்து எடுக்கிறார்?

பலெர்மோ மகன்:
தம்சுலோசின். போன கிழமை தடிமன் எண்டு மூக்கடைப்புக் குளிசையும் வாங்கிப் போட்டவர். அதுக்குப் பிறகு இன்னும் கஷ்டப்படுறார்.

நேர்ஸ் அக்கா:
அந்தக் குளிசைதான் காரணமா இருக்கலாம்! சூடோஎபெட்ரின் கலந்த மருந்துகள் சலப்பையின்ர வாயை இறுக்கும். பெட்டியைக் கொண்டுபோய் இண்டைக்கே வைத்தியரிட்டக் காட்டுங்கோ. தம்சுலோசின் தசையைத் தளர்த்தும், சுரப்பியைச் சுருக்காது. தலை சுத்தலாம், கட்டிலால மெதுவா எழும்பட்டும். கண்புரை ஒப்பரேசன் செய்யிறதெண்டால் கண் வைத்தியருக்கு முன்னமே சொல்ல வேணும்.

சலம் முற்றா நிண்டு அடிவயிறு வீங்கினால் விடியட்டும் எண்டு காத்திருக்கப்படாது. நேர புரொன்டோ சொக்கோர்சோவுக்கு (அவசர சிகிச்சைப் பிரிவு) போங்கோ, இல்லாட்டி 112க்கு அடியுங்கோ.

மிலானோ தங்கச்சி:
அக்கா, என்ர மச்சாளின்ர கருப்பைச் சோதனையில "இபெர்பிளாசியா கோன் அதிபியா" எண்டு வந்திருக்கு. அதுக்கும் பயமில்லைதானே?

நேர்ஸ் அக்கா:
இல்லை தங்கச்சி, அதை இதோட சேர்க்காதேங்கோ. அதிபியா எண்டால் கலங்களின்ர உருவமே மாறத் தொடங்கியிட்டுது. கவனியாமல் விட்டால் கான்சராகலாம், சிலருக்குப் பக்கத்திலேயே கான்சர் இருக்கவும் கூடும். ஜினெகோலோகோவை (பெண்நோய் வைத்தியர்) தள்ளிப்போடாமல் இந்தக் கிழமையே பார்க்கச் சொல்லுங்கோ.