கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து மாகும்புரவுக்கு எப்படிப் போறது?

கேள்வி (ஹம்டன் லேன் பிள்ளை):
அம்மாவோட காலிக்குப் போகோணும். ஹைவே (அதிவேகப் பாதை) பஸ் மாகும்புர நிலையத்திலயாம், மாமா மஹரகமவுக்குப் போ எண்டுறார். தெஹிவளையில 119ஆம் இலக்கப் பஸ் எடுத்தா மஹரகம வரும், பிறகு? அம்மாவுக்கு முழங்கால் நோ. புறக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சுத்த ஏலாது.

பதில் (பாமன்கடை அக்கா):
மாமா சொல்லுறது பழைய கதை, தங்கச்சி. முந்தி ஹைவே பஸ் மஹரகமவில இருந்துதான் வெளிக்கிட்டது. 2019இல மாகும்புர நிலையம் திறந்தாப்பிறகு எல்லாம் அங்க. ஆனா எங்கட வீடுகளில இன்னும் மஹரகம எண்டுதான் வாயில வரும்.

தெஹிவளைக்குப் போகாதேங்கோ. டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையில நாரஹேன்பிட்டி போற 141 ஏறி, கிருலப்பனையில இறங்குங்கோ. ஹைலெவல் வீதியில 138 பிடிக்கலாம். இங்கதான் கவனம்: 138 எண்டு கண்டவுடன ஏறக் கூடாது. சிலது மஹரகமவோட முடிஞ்சிடும், சிலது கொட்டாவையில திரும்பிடும். பலகையில ஹோமாகம எண்டு இருந்தா ஏறுங்கோ, அது கொட்டாவை தாண்டி நிலையத்துக்குப் பக்கத்தால போகும். ஏறேக்கையே "மாகும்புர" எண்டு கண்டக்டரிட்டச் சொல்லி வையுங்கோ, இல்லாட்டி ஹோமாகமவிலதான் முழிக்கோணும். அவிசாவளை போற 122உம் அதே வீதிதான்.

நிலையத்துக்கு உள்ளுக்க போனா காலி வேற, மாத்தறை வேற வரிசை. ஹைவேயில நிண்டுகொண்டு போக விடமாட்டினம், அதால நிரம்பினாத்தான் வெளிக்கிடும். சின்ன ரோசா பஸ் வந்தா கடைசியா ஏறுறவைக்கு நடுவில மடிச்சு விரிக்கிற இருக்கைதான். ஒவ்வொருத்தர் இறங்கேக்கையும் எழும்பி மடிச்சு நிக்கோணும். முழங்கால் நோக்காரரை அதில இருத்தாதேங்கோ, அடுத்த பஸ்ஸுக்கு விட்டிடுங்கோ. கண்டக்டர் "ஏறுங்க, ஏறுங்க" எண்டு தள்ளுவான், தள்ளட்டும்.

பதில் (கடலோரம்):
ஏன் இவ்வளவு மாத்தம்? காலி வீதியில நிண்டா 2ஆம் இலக்கப் பஸ் வீட்டு வாசலால போகுதே. ரயிலும் இருக்கு, கடல் பாத்துக்கொண்டு போகலாம்.

பதில் (பாமன்கடை அக்கா):
2இல போனா பாணந்துறை, களுத்துறை, அம்பலாங்கொடை எண்டு ஒவ்வொரு ஹோல்டா நிண்டு கிட்டத்தட்ட மூண்டு மணித்தியாலம். ஹைவேயில ஒண்டரைக்குள்ள போயிடலாம். ரயில் நல்லம்தான், நானும் விரும்பி. ஆனா எங்கட பிளாட்போமில இருந்து பெட்டிப் படி எவ்வளவு உயரம் எண்டு முழங்கால் நோக்காரரைக் கேட்டுப் பாருங்கோ.

பதில் (ஹம்டன் லேன் பிள்ளை):
நன்றி அக்கா. ஒரேயடியா ஓட்டோவில மாகும்புர போனா?

பதில் (பாமன்கடை அக்கா):
போகலாம், காசு கூட. கிருலப்பனை வரைக்கும் ஓட்டோ, பிறகு 138 எண்டா அம்மாவுக்கு ஒரு பஸ் ஏத்தம் குறையும். வெள்ளி பின்னேரமும் போயா (பௌர்ணமி) லீவு நாளும் வேண்டாம். மாத்தறைப் பக்கத்துப் பெடியள் எல்லாம் ஊருக்குப் போற நேரம், வரிசை வெளிய வரைக்கும் நிக்கும். காலி பஸ் ஸ்டாண்ட் கிரிக்கெட் மைதானத்துக்கு எதிர்ப்பக்கம். அங்க ஓட்டோக்காரர் வந்து மொய்ப்பினம், விலையைப் பேசிப்போட்டு ஏறுங்கோ.