ரொட்டி, சாயத்தண்ணி, மேட்டுப்பாதை: மலையகத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்வது

இலங்கை மலையகத்தின் நாலு ஊர்க்காரர் சொல்வது இது.

அட்டன் பக்கமிருந்து:

டயட் என்றதும் முதலில் ரொட்டியை நிறுத்தச் சொல்வார்கள். நாலு நாள் தாங்கும், அஞ்சாம் நாள் அந்த இடத்துக்குப் பாணும் ஜேமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். ரொட்டி இருக்கட்டும், மாவை மாற்றுங்கள். மூன்றில் ஒரு பங்கு குரக்கன் (கேழ்வரகு) மா போடலாம். அதற்கு மேல் போனால் தட்டும்போதே ஓரம் வெடிக்கும், ஏனென்றால் கோதுமையை இழுத்துப் பிடிக்கிற பசைத்தன்மை குரக்கனில் கிடையாது. குரக்கனை மட்டும் கொதித்தண்ணி விட்டுக் கிளறி, கை பொறுக்கும் சூடு வந்ததும் கோதுமை மாவைச் சேர்த்துப் பிசைந்து, 20 நிமிடம் ஈரத்துணியால் மூடி வையுங்கள். கரட், லீக்ஸ் போடுவதென்றால் பொடியாக வெட்டி உப்புப் பிசறி வைத்தால் அதுவே தண்ணி விடும். வழக்கமான அளவுக்குத் தண்ணியையும் ஊற்றினால் மா கையில் ஒட்டும், இன்னும் ரெண்டு பிடி மா போடுவீர்கள், கணக்கு போச்சு.

தொட்டுக்கொள்ள வெறும் சம்பல் போதாது. 100 கிராம் கோதுமை மாவில் புரதம் சுமார் 10 கிராம்தான். ஒரு முட்டை 6 கிராம் தரும், 50 கிராம் பருப்பைக் கெட்டியாகக் கடைந்தால் 12 கிராம் வரும். இது இல்லாவிட்டால் பத்து மணிக்கே வயிறு கூப்பிடும், அந்த நேரம் கையில் அகப்படுவது பிஸ்கட்.

பண்டாரவளையிலிருந்து:

ரொட்டியைவிடச் சாயத்தண்ணிதான், அதாவது பால் சேர்க்காத தேத்தண்ணிதான், பெரிய பிரச்சினை. ஒரு நாளைக்கு ஆறு கோப்பை, கோப்பைக்கு ரெண்டு தேக்கரண்டி என்றால் 12 கரண்டி, ஏறத்தாழ 50 கிராம் சீனி. ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல் எல்லையே அவ்வளவுதான். 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது. அதுவும் கரண்டியைத் தலைதட்டி அள்ளினால்தான். குவித்து அள்ளுகிற வீட்டில் இந்தக் கணக்கு செல்லாது.

ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். ரெண்டு கிழமைக்கு ஒரு தடவை, கோப்பைக்கு அரைக் கரண்டி குறையுங்கள். இல்லாவிட்டால் பழைய முறை இருக்கவே இருக்கிறது: அரைக் கரண்டி சீனியை உள்ளங்கையில் வைத்து, ஒரு நக்கு, ஒரு மிடறு. நேராக நாக்கில் படுவதால் கொஞ்சமே போதும்.

சாப்பாட்டோடு சாயம் குடிப்பதையும் விடுங்கள். தேயிலையிலுள்ள டனின், பருப்பிலும் கீரையிலும் வரும் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். வல்லாரைச் சம்பலில் தேசிக்காய் பிழிவது ருசிக்கு மட்டுமல்ல, அந்தப் புளிப்போடு வரும் விற்றமின் சி இரும்புச்சத்து சேர உதவும். இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்துக் குளிசை எடுக்கிறவர்கள் சாயத்தண்ணியில் அதை விழுங்கினால் பலன் குறையும்.

மஸ்கெலியாவிலிருந்து:

சாப்பாடு சரி, நடைக்கு வருவோம். மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும், இறங்கினால்தான் தொடையும் முழங்காலும் அடிவாங்கும். நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலை போகிறவர்கள் 5,000க்கும் மேற்பட்ட படி ஏறிவிட்டு, மறுநாள் கதிரையில் உட்காரக் கைப்பிடி தேடுவது இதனால்தான். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. வலி அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோதான் உச்சத்துக்கு வரும்.

தொடையைப் பழக்க லயத்து (தோட்ட வரிசை வீட்டு) வாசற்படி ஒன்று போதும். படியில் ஒரு காலில் நின்று, மறுகாலை மூன்று எண்ணும் நேரத்தில் மெதுவாக இறக்கி, குதிகால் தரையைத் தொட்டதும் மேலே வாருங்கள். கால் ஒன்றுக்கு 8 தடவை, ரெண்டு சுற்று, கிழமைக்கு ரெண்டு நாள். நிற்கிற காலின் முழங்கால் உள்பக்கம் சாய்ந்தால் படி உயரம் அதிகம், கீழே ஒரு கல்லை வைத்துக் குறையுங்கள். பாசி பிடித்த படியும் றப்பர் செருப்பும் ஆகவே ஆகாது.

இது கடை, கந்தோர், ஓட்டோ என்று உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு. கிழமைக்கு 150 நிமிடம் நடை, பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். நாள் முழுக்கக் கொழுந்து எடுக்கிறவரிடம் போய் நடக்கச் சொல்வது அபத்தம். அவருக்குக் கூடை இறக்கியபின் கழுத்தையும் இடுப்பையும் நிமிர்த்தும் ஐந்து நிமிடமும், பகலில் ஒரு முட்டையும்தான் தேவை.

நீரிழிவுக்கு ஊசியோ குளிசையோ எடுக்கிறவர்கள் விடிய வெறும் வயிற்றில் மேடு ஏற வேண்டாம். இரத்தத்தில் சீனி திடீரென இறங்கினால் வாயில் போட, சட்டைப்பையில் ரெண்டு டொபி இருக்கட்டும்.

நுவரெலியாவிலிருந்து:

பருப்பு, கௌபி (தட்டைப்பயறு) எல்லாம் சரி, இங்கே வேகுவதில்லை என்பதுதான் பலருடைய புகார். 1,868 மீட்டர் உயரத்தில் தண்ணி 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் அடுப்பை எரித்தாலும் சூடு ஏறாது, விறகுதான் போகும். குளிரில் ஊறவும் நேரமெடுக்கும். ராவைக்கு இளஞ்சூட்டுத் தண்ணியில் போட்டு அடுப்போரம் வைத்து, காலையில் அந்தத் தண்ணியைக் கொட்டிவிட்டுக் குக்கரில் ஏற்றுங்கள். புளியும் தக்காளியும் வெந்தபிறகுதான், முதலிலேயே போட்டால் தோல் கல்லாக நிற்கும்.