புளியா ரொட்டியா, புளிப்பில்லா அப்பமா?

நண்பர்களே,
சமையற்கலைப் பாடநூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். சப்பாத்தி, யூதர்கள் பாஸ்கா பண்டிகையில் உண்ணும் தட்டை ரொட்டியான மாட்சா இரண்டையும் அடக்கும் 'unleavened bread' என்ற தலைப்புக்குத் தமிழ்ச் சொல் தேவை. 'ஈஸ்ட் இல்லாத ரொட்டி' என்றால், சோடா போட்டு உப்பவைக்கும் அயர்லாந்து ரொட்டியும் உள்ளே வந்துவிடுகிறது.

*

ஐயா, சொல்தான் இருக்கிறதே! பைபிளின் யாத்திராகமம் 12இல் 'புளிப்பில்லா அப்பம்'. மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிடத்துக்குள் மாட்சாவைச் சுட்டுவிட வேண்டும். தாண்டினால் புளித்ததாகவே யூத மரபு கொள்ளும். புளிப்புதான் அங்கே அளவுகோல், ஈஸ்ட் அல்ல.

*

அண்ணை, யாழ்ப்பாணத்திலை அப்பம் எண்டால் கள்ளு விட்டு இரவு முழுக்கப் பொங்கவிட்ட மாவிலை சுடுறது. தாச்சியிலை சுழட்டேக்கை கரை மெல்லிசாய்ப் பொரியும், நடு பஞ்சாய் எழும்பும். புளிக்காட்டி அது அப்பமே இல்லை.

*

அப்படியானால் 'அடை' என்போம். சங்க நூலான மதுரைக்காஞ்சியிலேயே 'நல்வரி இறாஅல் புரையும் மெல்லடை' இருக்கிறது. கிரேக்கத்தில் 'ஸுமே' என்றால் புளித்தமா. அது இல்லாதது 'அஸுமோஸ்'. 1054இல் ரோம், கான்ஸ்டாண்டிநோபிள் திருச்சபைகள் பிரிந்தபோது, வழிபாட்டில் வழங்கும் நற்கருணை அப்பம் புளித்ததா புளிக்காததா என்பதும் ஒரு வழக்கு. அதே 'ஸுமே'யிலிருந்து பிறந்ததுதான் என்சைம், நம் 'நொதி'. ஆகவே 'நொதியா அடை' என் பரிந்துரை.

*

இறால் என்றால் தேன்கூடு. தேன்கூடுபோல் கண்கண்ணாக இருந்த அடை புளித்த மாவில் சுட்டதாகத்தானே இருக்கும்? உங்கள் சான்று உங்களுக்கே எதிராக நிற்கிறது. தவிர, எந்தச் சமையற்காரர் மாவு 'நொதித்தது' என்கிறார்? 'புளிச்சிருச்சு' என்பார். 'புளியா ரொட்டி' போதும்: ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணமும் பிசகாது.

*

புளியா ரொட்டி என்றால் சோடா ரொட்டி மறுபடி உள்ளே வந்துவிடும். அதுவும் புளிக்காததுதான், ஆனால் உப்பியது. 'உப்பா ரொட்டி' என்றாலோ உப்புப் போட்ட ரொட்டி என்று படிப்பார்கள். தவிர, சப்பாத்தி வகையான புல்காவும் ஆவியில் உப்பத்தானே செய்கிறது?

*

எல்லோருக்கும் நன்றி. 'புளியா' என்பதை மாணவர்கள் கேள்வியாகப் படிக்கக்கூடும் என்பதால் 'புளிக்காத ரொட்டி' என்றே போடுகிறேன். சோடா ரொட்டியைத் தனித் தலைப்புக்கு மாற்றிவிட்டேன்.

*

அண்ணை, போடுங்கோ. ஆனால் ஈஸ்ட் போட்டதை நாங்கள் பாண் எண்டுதான் சொல்லுறம். தேங்காய்ப்பூ போட்டுக் குழைச்சுச் சுடுற எங்கட ரொட்டி புளிக்கிறதே இல்லை. இலங்கைப் பதிப்பு வந்தால் 'புளிக்காத' எண்டதை வெட்டிவிடுங்கோ.