கிலோ கணக்குக் கூலியும் ஞாயிற்றுக்கிழமைப் படமும்

தொழில் செய்யும் இடத்தில் உங்களை யோசிக்க வைத்த ஒரு சந்திப்பை எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். என்னுடையது நடந்தது ஒரு சினிமா தியேட்டர் வாசலில்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா காலத்திலிருந்து நடக்கிறது, என்னோடு சேர்த்து ஏழு பேர். 2025 டிசம்பரில் ஒரு ஞாயிறு மாலை வீட்டாரோடு படத்துக்குப் போயிருந்தேன். கவுண்டர் பக்கத்தில் எங்கள் பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்யும் தம்பி, மனைவி, இரண்டு பெண் பிள்ளைகளோடு நின்றிருந்தார். டிக்கெட் 190 ரூபாய். நாலு பேருக்கு 760. வண்டி நிறுத்தக் காசு, இடைவேளையில் பிள்ளைகள் கேட்கும் பாப்கார்ன் எல்லாம் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். விலைப் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மனைவியிடம் ஏதோ சொன்னார். நாலு பேரும் வண்டியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள்.

ஓடிப்போய், "நான் எடுக்கிறேன் தம்பி, வாங்க" என்றேன்.

"வேண்டாங்கண்ணா. சனிக்கிழமை கூலி வாங்கினா மாசத்துல ஒரு ஞாயிறு படம்னு வச்சிருந்தோம். இப்ப கூலி அதுக்குக் காணலீங்க."

குரலில் குறை சொல்லும் தொனியே இல்லை. அதுதான் என்னை அதிகம் வருத்தியது. உள்ளே போய் உட்கார்ந்தேன், படத்தில் மனம் ஒட்டவில்லை. அந்த செப்டம்பரில்தான் 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருந்தது. 100-க்கு மேல் பழைய 18 சதவீதமே. 190 ரூபாய் கொடுக்கிறவருக்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனால் தியேட்டரை மட்டும் சொல்லி நான் தப்பிக்க முடியாது என்று அன்று இரவு கூலி நோட்டைப் புரட்டியபோது தெரிந்தது.

எங்கள் பட்டறையில் அப்போது கூலி கிலோ கணக்கு, செய்து கொடுக்கும் எடைக்குத்தான் காசு. வெள்ளி கிலோ ஒரு லட்சம் இருந்தபோது பத்து லட்சத்துக்குப் பத்து கிலோ வெள்ளிக் கட்டி வாங்கினோம். டிசம்பரில் விலை இரண்டு லட்சத்தைத் தாண்டியதும் அதே பணத்துக்கு ஐந்து கிலோகூட வரவில்லை. வேலையே பாதி. அதோடு, ஜோடி 100 கிராம் கேட்ட வியாபாரிகள் 60 கிராமில் கேட்டார்கள். முன்பு ஒரு கிலோவுக்குப் பத்து ஜோடி, இப்போது பதினாறு. எடை குறைந்தாலும் ஒரு ஜோடிக்கு வைக்க வேண்டிய பற்று, அதாவது பற்றவைக்கும் இணைப்பு, அதேதான், கம்பி மெலிந்ததால் உருகிவிடாமல் தீயை இன்னும் கவனமாக ஊத வேண்டும். பதினாறு ஜோடி செய்தவருக்குப் பத்து ஜோடிக் கூலி கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நான் வேண்டுமென்று செய்யவில்லை, நோட்டில் கணக்கு சரியாகவே இருந்தது. ஆனாலும் அது தவறுதான்.

திங்கட்கிழமை டீ நேரத்தில் அந்தத் தம்பியிடம் பேசினேன். அப்போதுதான் அவருடைய தாத்தா மாடர்ன் தியேட்டர்ஸில் செட் போடும் தச்சராக இருந்தவர் என்று சொன்னார். ஏற்காடு போகும் சாலையில் இன்று வளைவு மட்டும் நிற்கிறதே, அந்த ஸ்டூடியோதான். நூல் வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, இங்கிலாந்தில் ஜவுளிப் படிப்பு படித்துவிட்டு வந்த டி.ஆர்.சுந்தரம் 1930-களில் தொடங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. மலையாளத்தின் முதல் பேசும் படமான 1938-ன் 'பாலன்' கூட அவர்கள் எடுத்ததுதான். "தாத்தா மாசச் சம்பளக்காரருங்கண்ணா. படம் ஓடினாலும் ஓடாட்டியும் ஒண்ணாம் தேதி பணம் வந்துரும்னு பாட்டி சொல்லும்" என்றார்.

மாதச் சம்பளம் தரும் அளவுக்கு எனக்கு வசதி இல்லை. தைப் பொங்கலிலிருந்து கூலியை ஜோடி கணக்குக்கு மாற்றினேன். எடை எதுவானாலும் ஜோடிக்கு இவ்வளவு என்று பேசி எழுதிக்கொண்டோம். வியாபாரிகளில் ஒருவர் ஒப்புக்கொண்டு கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தார். இன்னொருவர் "ஊரில் யாரும் இப்படிக் கேட்கவில்லை" என்று ஆர்டரை வேறு பட்டறைக்கு மாற்றிவிட்டார். அந்த இழப்பு இன்னும் என் தலையில்தான். சேதாரக் கணக்கும் சிக்கலாகிவிட்டது. ஜோடிக் கூலி என்றதும் வேகம் கூடுகிறது, வெள்ளி அரத்தூள் கீழே சிந்துவதும் கூடுகிறது. வாரக் கடைசியில் தரையைக் கூட்டி உருக்கிப் பார்த்தால்தான் மனம் ஆறுகிறது.

சிவதாபுரம், பனங்காடு பக்கம் பட்டறை வைத்திருப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள். மெல்லிய ஜோடிக்கு நீங்கள் எப்படிக் கூலி போடுகிறீர்கள்? சேதாரத்தை யார் கணக்கில் எழுதுகிறீர்கள்?