புதுப்பிப்பு: அம்மாவின் பழைய இடுப்பு முறிவு

ஊரில் விழுந்து, நாட்டுக் கட்டோடு மாதக்கணக்கில் படுத்திருந்த அம்மாவுக்கு இனி அறுவை சிகிச்சை பலிக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். சிங்கப்பூரிலேயே செய்தாகிவிட்டது. நேற்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார்!

முறிந்த எலும்பை ஒட்டவைக்க ஸ்க்ரூ போடவில்லை. தொடை எலும்பின் கழுத்து (இடுப்பை ஒட்டிய குறுகிய பகுதி) முறிந்தால், அந்த எலும்பின் பந்து போன்ற தலைப்பகுதிக்கு ரத்த ஓட்டம் கெடும். இவ்வளவு தாமதமானால், அதுவும் வயதானவர்களுக்கு, எலும்பு ஒட்டுவது கடினம். அதனால் இடுப்பு மூட்டையே மாற்றினார்கள். தசைகள் சுருங்கிக் கால் குட்டையாகியிருந்தது. அவற்றைத் தளர்த்தித்தான் புது மூட்டைப் பொருத்த முடிந்ததாம். பழைய நீளம் முழுசாக வரவில்லை, ஒரு செருப்பை மட்டும் உயர்த்தியிருக்கிறோம்.

படுத்தே கிடந்தவர் என்பதால், காலில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று முதலிலேயே ஸ்கேன் பார்த்தார்கள். இதை அவசியம் கேளுங்கள்.

அம்மா சிங்கப்பூர் நிரந்தரவாசி, செலவுக்கு மெடிஷீல்டு லைஃப் (இங்குள்ள அரசு மருத்துவக் காப்பீடு) கைகொடுத்தது. அப்புறம், எலும்பு அடர்த்திக்கான மருந்தும் தொடங்கியாச்சு.